பிஸ்டல் தோட்டா வைக்க எந்த மாதிரி பிளாஸ்டிக் பாக்ஸ் வாங்கணும்? மும்பை மழைக்கு தாங்குமா?

ஆம்மோ பாக்ஸ்னா வேற ஒண்ணுமில்ல, ஒவ்வொரு தோட்டாவும் தனித்தனி குழியில நிக்கிற மூடி போட்ட டப்பா, முட்டை ட்ரே மாதிரின்னு வச்சுக்கோங்க, ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காது, எத்தனை இருக்குன்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடும். லைசன்ஸ்ல தோட்டாவுக்கு கணக்கு உண்டே, அதனால இது ரொம்ப உதவும்.

முக்கியமா பாக்க வேண்டியது சைஸ். பாயிண்ட் 32னு (அது தோட்டாவோட குறுக்களவு, நீளம் இல்ல) மட்டும் சொல்லி வாங்கிட்டு வந்துடாதீங்க, ஏன்னா பாயிண்ட் 32 பிஸ்டல் தோட்டா நீளம் சுமார் 25 மிமீ, அதே பாயிண்ட் 32 ரிவால்வர் தோட்டா சுமார் 32 மிமீ, பிஸ்டலுக்கான டப்பாவுல ரிவால்வர் தோட்டாவ வச்சா மூடியே மூடாது. குழி லூசா இருந்தாலும் வண்டியில போறப்ப கடகடன்னு ஆடும். பாலிப்ரொப்பிலீன் டப்பா நல்லது, கீல் சீக்கிரம் உடையாது. கலர் எல்லாம் உங்க இஷ்டம்.

அப்புறம் ஈரம். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் இங்க செருப்பே பூஞ்சை பிடிக்குது, தோட்டாவோட பித்தளை உறை கருக்காம இருக்குமா? சாதா மூடி டப்பா காத்து புகாததில்ல, அதனால ரப்பர் வளையம் வச்ச பெரிய பெட்டிக்குள்ள ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லோட வைங்க, ஜெல்ல அப்பப்ப மாத்துங்க.

பாக்ஸ்ல கொக்கி இருக்கு, அதுவே பூட்டு மாதிரின்னு பலர் நினைக்கிறாங்க, இல்லைங்க, அத சின்னப் பிள்ளையே திறந்துடும், தோட்டா டப்பா துப்பாக்கிய விட்டு தனியா பூட்டுன அலமாரியில தான் இருக்கணும்.