நிபந்தனை நொக்அவுட் சுண்டெலிகள்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வவுனியா, உயர்தர உயிரியல் ஆசிரியர்: ஒரு பரம்பரையலகை உடல் முழுவதும் நீக்கினால் போதாதா? குறித்த கலத்தில் மட்டும் நீக்குவது (நிபந்தனை நொக்அவுட்) ஏன்?

பல பரம்பரையலகுகள் முளைய விருத்திக்கும் வேண்டியவை. முழுவதும் நீக்கினால் குட்டி பிறக்காமலே போகலாம். பிறந்தாலும், காணும் கோளாறு டி கலத்தால் வந்ததா மக்ரோபேஜால் வந்ததா (இரண்டும் நிர்ப்பீடனக் கலங்கள்) என்று பிரித்தறிய முடியாது. ஆகவே முக்கியமான எக்சனின் (பரம்பரையலகில் புரதத்துக்கான குறியீடு உள்ள துண்டு) இருபக்கமும் 34 காரச்சோடி நீளமுள்ள லொக்ஸ்-பி என்ற டி.என்.ஏ தொடரைச் செருகுகிறார்கள். இதுதான் ஃப்ளொக்ஸ் எலி. பாக்டீரியாவைத் தாக்கும் வைரசான பி1 பாக்டீரியோபேஜிலிருந்து எடுத்த க்ரீ நொதியம், இரு லொக்ஸ்-பியும் ஒரே திசையில் இருந்தால் இடைத்துண்டை வெட்டி நீக்கும். எதிரெதிராக இருந்தால் புரட்டி வைக்கும். 1994இல் கிளவுஸ் ரயெவ்ஸ்கியின் குழு டி கலங்களில் இதைச் செய்துகாட்டியது.

எக்சனின் நீளம் மூன்றால் மீதியின்றி வகுபடுகிறதா என்று மாணவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். வகுபட்டால் வாசிப்புச் சட்டகம் (குறியீட்டை மும்மூன்று காரமாக வாசிக்கும் ஒழுங்கு) குலையாது. சற்றுக் குறுகிய, அரைகுறையாக இயங்கும் புரதம் மிஞ்சக்கூடும்.

வெளிநாட்டில் ஆய்வுசெய்யும் கிளிநொச்சி மாணவி: சிடி4-க்ரீ (சிடி4 பரம்பரையலகு இயங்கும் கலங்களில் க்ரீயை ஆக்கும் எலி) பயன்படுத்தினேன். சிடி8 டி கலங்களிலும் பரம்பரையலகு இல்லை. எங்கே பிழை?

பிழை ஏதும் இல்லை. தாம் முதிரும் தைமஸ் சுரப்பியில் டி கலங்கள் சிடி4, சிடி8 இரண்டையும் ஒருங்கே காட்டும் கட்டத்தைக் கடந்துதான் பிரிகின்றன. க்ரீ அங்கேயே வெட்டிவிடுகிறது, வெட்டியது திரும்பாது. க்ரீயின் பெயரை நம்பாமல், அது முதன்முதலில் எந்தக் கட்டத்தில் இயங்குகிறது என்று பாருங்கள்.

லைசோஎம்-க்ரீ மக்ரோபேஜோடு நியூட்ரோபில் என்ற இன்னொரு வெண்குருதிக் கலத்திலும் வெட்டும். பி கலங்களுக்கான சிடி19-க்ரீ, சிடி19 பரம்பரையலகுக்குள்ளேயே செருகப்பட்டது. இரண்டு பிரதி வைத்தால் சிடி19 புரதமே இராது, ஆகவே ஒன்றுதான் வைக்க வேண்டும். எம்எக்ஸ்1-க்ரீயைத் தூண்டுவது நிர்ப்பீடனக் கலங்களையே மாற்றும் சைகைப் புரதமான இன்டர்பெரோன். நிர்ப்பீடனத்தை ஆராய்பவருக்கு அது தலையிடி; வேறு வழியிருந்தால் தவிர்ப்பதே நல்லது.

அதே மாணவி: எட்டுக் குட்டியில் எத்தனை தேறும்?

ஃப்ளொக்ஸ்/ஃப்ளொக்ஸ் எலியை (பரம்பரையலகின் இரு பிரதியும் ஃப்ளொக்ஸ்) க்ரீ எலியோடு சோடி சேர்த்து, க்ரீ உள்ள குட்டியை மறுபடி ஃப்ளொக்ஸ்/ஃப்ளொக்ஸோடு சேர்த்தால், க்ரீயும் ஃப்ளொக்ஸ்/ஃப்ளொக்ஸும் சேர்ந்த குட்டி நான்கில் ஒன்று. எட்டில் இரண்டு, அதுவும் சராசரிதான். ஃப்ளொக்ஸும் க்ரீயும் ஒரே நிறமூர்த்தத்தில் கிட்டக் கிட்ட இருந்தால் இந்தக் கணக்குப் பொய்த்துவிடும்.

கட்டுப்பாட்டுக்கு ஒரே ஈற்றுக் குட்டிகளை எடுங்கள். க்ரீ இல்லாத ஃப்ளொக்ஸ்/ஃப்ளொக்ஸ் மட்டும் போதாது. க்ரீ தானே கலத்துக்கு நஞ்சாகலாம் என்பதால் க்ரீ உள்ள, ஃப்ளொக்ஸ் இல்லாத எலியும் வேண்டும். இதைத்தான் பலர் செலவு பார்த்து விடுகிறார்கள், பிறகு மதிப்பாய்வாளர் கேட்கும்போது முழிக்கிறார்கள்.

வாலில் எடுத்த பிசிஆர் (டி.என்.ஏயைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) சரி, ஆனால் மண்ணீரல் கலங்களில் புரதம் இன்னும் தெரிகிறது. (மன்னார் வாசகர்)

வால் பிசிஆர் சொல்வது எலியின் பரம்பரையமைப்பை மட்டுமே. நீக்கம் நடந்ததா என்பதை அது சொல்லாது. அதிலும் வழுக்கலாம்: ஃப்ளொக்ஸ் பட்டைக்கும் இயல்புப் பட்டைக்கும் வித்தியாசம் சிறிது, 1% அகரோஸ் ஜெல்லில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். 2.5–3% ஜெல் ஓட்டுங்கள். ஒரு பிரதி ஃப்ளொக்ஸும் ஒன்று இயல்புமான கலப்பு எலியில் மேலே மூன்றாவது மங்கற்பட்டை வந்தால் பயப்பட வேண்டாம், அது இரு இழைகளும் பொருந்தாமல் சேர்ந்தது. நீக்கப்பட்ட பட்டை வாலிலேயே பளிச்சென்று வந்தால்தான் ஆபத்து: நீக்கம் இனப்பெருக்கக் கலத்திலேயே நடந்திருக்கிறது. அந்த எலியை ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் சிக்கலுக்கு வருவோம். இலக்குக் கலங்களை ஃப்ளோ கருவியில் (ஒளிரும் குறிகளைக் கொண்டு கலங்களைத் தரம்பிரிப்பது) பிரித்தெடுத்து, 95%க்கு மேல் தூய்மையாக்கி, அவற்றின் டி.என்.ஏயில் அந்த எக்சன் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்று கணிய பிசிஆரால் அளவிடுங்கள். எக்சன் போய்விட்டும் புரதம் இருந்தால், நீண்ட ஆயுளுள்ள பழைய புரதம். பிரிவடையாத கலங்களில் அது தேயச் சுணங்கும். எக்சனே மிஞ்சியிருந்தால் வெட்டுத் தப்பிய கலங்கள் உள்ளன. அந்தப் பரம்பரையலகு உயிர்வாழ அவசியமெனில், தப்பியவை பெருகி இடத்தைப் பிடித்துவிடும். வயது கூடக்கூட எலி இயல்பாகத் தோன்றும். க்ரீ வெட்டினால் ஒளிரும் அறிகுறிப் புரதத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அதன் லொக்ஸ்-பி இலகுவாக வெட்டுப்படலாம், உங்களுடையது படாமலும் போகலாம்.

டமொக்சிபென் அளவு?

க்ரீ-ஈஆர்டி2 எலிக்கு (டமொக்சிபென் மருந்து கொடுத்தால்தான் இதன் க்ரீ வெட்டும்), சோள எண்ணெயில் மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம். ஒளி படாமல் சுற்றி, 37 பாகையில் இரவு முழுதும் குலுக்கிக் கரையுங்கள். 25 கிராம் எலிக்கு 0.1 மில்லிலீற்றர் வயிற்றறைக்குள், நாளுக்கு ஒருமுறை, 5 நாள்; பிறகு ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். மருந்தே நிர்ப்பீடனக் கலங்களைப் பாதிக்கும், ஆகவே கட்டுப்பாட்டு எலிகளுக்கும் அதே ஊசி. கையுறை அவசியம், கர்ப்பிணிகள் இதைக் கையாளக் கூடாது.

மல்லாவி, பாடசாலை மாணவன்: எங்கள் நெல் மூட்டைகளுக்குள் ஓடும் சுண்டெலியில் இதைச் செய்யலாமா?

முடியாது. சி57பிஎல்/6 போன்ற ஆய்வக எலிகள் தலைமுறை தலைமுறையாக உடன்பிறப்புகளைச் சேர்த்து வளர்த்தவை. ஒன்றும் மற்றதும் ஏறத்தாழ ஒரே பரம்பரையமைப்பு. வீட்டெலிகள் ஒவ்வொன்றும் வேறு, என்னென்ன தொற்று கண்டன என்றும் தெரியாது. வெறுங்கையால் பிடிக்கவும் வேண்டாம்: எலிக்காய்ச்சல் கிருமி அவற்றின் சிறுநீரில் வரலாம். வயலில் இறங்குமுன் தடுப்பு மாத்திரை பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் வீட்டாரைக் கேட்கச் சொல்லுங்கள்.