குத்துக்காலிட்டு உட்கார முடியாத பிள்ளைகள்: சேலத்துப் பெற்றோர் கேட்டவை

சேலத்தில் பதினெட்டு வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். ஆரம்பத்தில் என்னிடம் வந்த பிள்ளைகள் மாமரத்திலிருந்து விழுந்தவர்கள், சைக்கிளோடு சாக்கடையில் இறங்கியவர்கள். இப்போது பாதிப் பேர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். கேள்வி அனுப்பிய பலர் ‘டாக்டர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், மற்றதற்கு உரியவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

வீட்டிலேயே கொலுசு வேலை செய்கிறோம் சார். மூன்று வயதுப் பையன். போன் கொடுத்தால்தான் எனக்கு வேலை ஓடும், அவனுக்குச் சோறு இறங்கும். தப்புதானே? (சிவதாபுரம்)

கூலி வேலையை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு தெரியும், திட்ட மாட்டேன். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்லும் கணக்கு இது: 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். ஒரேயடியாக நிறுத்தப் பார்த்தால் தோற்றுப்போவீர்கள். முதலில் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நிறுத்துங்கள். படம் பார்த்துக்கொண்டே விழுங்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, போதும் என்று சொல்லவும் வராது. இரண்டு மூன்று நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான், பயப்படாதீர்கள். நீங்கள் வேலை செய்யும்போது ஒரு தட்டில் இரண்டு டம்ளர், கரண்டி, கொஞ்சம் தண்ணீர் கொடுத்து உங்கள் கண்முன்னே விடுங்கள். தரை நனையும், பரவாயில்லை. ஆனால் கொலுசில் கோர்க்கிற முத்தும் சலங்கையும் அவன் கைக்கு எட்டவே கூடாது. வாயில் போட்டு மூச்சுக்குழாயில் சிக்கினால் ஆபத்து.

பையனுக்கு 12 வயது. கழுத்து வலி, தோள் வலி. ஸ்கேன் எடுக்கணுமா? (அழகாபுரம்)

கை மரத்துப்போவது, இரவில் வலியால் விழிப்பது, காய்ச்சல் இதெல்லாம் இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். இல்லையென்றால் முதலில் அவன் போன் பார்க்கும்போது பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். பெரியவர்களின் தலை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் ஏறும் சுமை கிட்டத்தட்ட 27 கிலோ என்று 2014இல் ஒரு முதுகெலும்பு அறுவை மருத்துவர் கணக்குப் போட்டார். கிட்டத்தட்ட ஓர் அரிசிச் சிப்பம். பிள்ளைத் தலை சிறியது, சுமையும் குறையும். ஆனால் தாங்குகிற கழுத்தும் சிறியதுதானே.

அப்புறம், வீட்டில் ஒரு சோதனை. குதிகால் தரையில் பதிந்திருக்கக் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள். சென்ற மாதம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் என் முன்னால் முயன்றான். குதிகால் தூக்கியது, பின்னால் சாய்ந்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுடைய பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து காட்டிவிட்டு எழுந்தார்! சோபா, டைனிங் டேபிள், வேன் சீட், வெஸ்டர்ன் டாய்லெட் என்று வளர்கிற பிள்ளைக்குக் கணுக்காலையும் இடுப்பையும் முழுசாக மடக்க வேலையே வருவதில்லை. கழுத்துக்கு எண்ணெய் தேய்ப்பதைவிட தினமும் பத்துத் தோப்புக்கரணம், தரையில் சம்மணமிட்டுச் சாப்பாடு, இரண்டையும் தொடங்குங்கள். புத்தகப் பையையும் எடை போடுங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

மகளுக்குக் கண்ணாடி போட்டாச்சு. போனை நிறுத்தினால் பவர் போயிடுமா? (அம்மாப்பேட்டை)

போகாது. கிட்டப்பார்வையில் கண்விழி முன்பின்னாக நீண்டுவிடுகிறது, நீண்டது சுருங்காது. என் மகளும் ஏழாவதில் கண்ணாடி போட்டாள். ஊருக்கு உபதேசம் செய்யும் எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. ஆனால் இன்னும் கண்ணாடி போடாத தம்பி தங்கை இருந்தால் வெளியே விரட்டுங்கள். சீனாவின் குவாங்சோவில் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்ற பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். வேலை செய்வது வெளிச்சம். ‘சேலம் வெயிலில் எப்படி சார்’ என்பீர்கள். வேப்பமர நிழலே போதும், அது வகுப்பறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு. காலை ஒன்பதுக்கு முன், மாலை நாலரைக்குப் பின் விடுங்கள்.

நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். மலைக்காற்று பேரனுக்குப் போதாதா தம்பி?

காற்று நல்லதுதான் அய்யா, ஆனால் அது அவனுக்காக ஓடாது. எஸ்டேட் பாதையில் நீங்கள் நடந்து பள்ளிக்கூடம் போனீர்கள், பேரன் வேனில் போகிறான். சரிவில் இறங்கி ஏறினாலே தொடைக்கு நல்ல வேலை. சாயங்காலம் மூடுபனி இறங்குமுன் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள், உங்கள் முழங்காலுக்குத் தோதான தூரம் மட்டும்.

மகள் கழுத்தில் அழுக்கு மாதிரி கறுப்பு. கடலை மாவு தேய்த்தும் போகலை. (கன்னங்குறிச்சி)

தேய்ப்பதை நிறுத்துங்கள் அம்மா, தோல்தான் புண்ணாகும். வெல்வெட் மாதிரி தடித்த கறுப்பு, கூடவே எடையும் அதிகம் என்றால் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். குழந்தைகள் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தட்டுவடை செட்டை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், வாரம் ஒருமுறை அது என்ன செய்துவிடும்? தினசரி பாட்டில் ஜூஸும், அசையாமல் கிடக்கும் நான்கு மணி நேரமும்தான் என் சந்தேகம்.

தினமும் ஒரு மணி நேரம் ஷட்டில் கோச்சிங் போகிறான். மீதி நேரம் கேம் ஆடட்டுமே?

ஒரு மணி நேர விளையாட்டு, உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதுக்குச் சொன்ன அளவுதான், சபாஷ். ஆனால் நீண்ட நேரம் உட்காருவதன் கெடுதல் அதில் முழுசாகக் கழியாது. அரை மணிக்கு ஒருமுறை எழுப்பி ஏதாவது எடுத்துவரச் சொல்லுங்கள். இரவு போன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும்.

பெண் வயசுக்கு வந்ததிலிருந்து விளையாட விடுவதில்லை. மாமியாரும் ஒத்துக்க மாட்டார். (தாரமங்கலம்)

இதற்குத்தான் எனக்கு அதிக வருத்தம். எலும்பு வலுவின் பெரும்பகுதி பதினெட்டு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது, வேகமாகச் சேர்வது இந்த வயதில்தான். குதித்தால்தான் எலும்புக்குச் சேதி போகும். பாண்டி ஆட்டம் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். ஐம்பது குதி, ஓய்வு, மறுபடி ஐம்பது. மாதவிடாய் நாளில் அவளுக்கு முடிந்தால் குதிக்கலாம், தடை ஒன்றுமில்லை. மாமியாரிடம் என் பெயரைச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் அவருடைய முழங்கால் வலிக்கு என்னிடம் கூட்டிவாருங்கள், நானே பேசிக்கொள்கிறேன்.