இரவுக் கூத்துக்கு பிளாஷை எதில் வைப்பது?

கேள்வி: பெரியப்பாவின் பென்டாக்ஸ் கே1000 கமெரா என்னிடம் வந்திருக்கிறது. கூடவே ஒரு பழைய பிளாஷ். அதில் எம், ஏ, டீடீஎல் என்று மூன்று நிலைகள். ஊரில் இரவுக் கூத்தைப் படம் பிடிக்க எதில் வைக்க வேண்டும்? – வாசகர், ஆரையம்பதி

பதில்: டீடீஎல்லை விட்டுவிடுங்கள். லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கமெராவே அளந்து பிளாஷை நிறுத்தும் முறை அது. 1975இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2 அப்படிச் செய்தது. கே1000இல் பிளாஷ் பூட்டும் இடத்தில் இருப்பது ஒரே ஒரு தொடுமுனை. அது 'அடி' என்று மட்டும்தான் சொல்லும்.

எம், அதாவது கையால் சரிசெய்யும் நிலையில், பிளாஷின் வெளிச்சம் மாறாது. தூரத்துக்கு ஏற்றபடி லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை நீங்கள் மாற்ற வேண்டும். பிளாஷின் வலுவைச் சொல்லும் வழிகாட்டி எண்ணைத் தூரத்தால் வகுத்தால், துவாரத்தின் அளவைக் குறிக்கும் எஃப் எண் கிடைக்கும். ஐஎஸ்ஓ (பிலிமின் ஒளியுணர்வு) 100க்கு அந்த வழிகாட்டி எண் 28 மீட்டர் என்றால், 400 பிலிமுக்கு 56. ஏழு மீட்டரில் நிற்பவருக்கு எஃப் 8. கல்யாண வீட்டுக் குடும்பப் படத்துக்கு இதுதான் நம்பகமானது. ஆனால் கூத்தாடும் வட்டமான அரங்கான வட்டக்களரியில் ஆட்டக்காரர் இப்போது உங்கள் முன்னால் நிற்பார், அடுத்த கணம் எதிர்ப்பக்கம் போய்விடுவார். வகுத்துப் பார்க்க நேரம் ஏது?

ஆகவே ஏ, அதாவது தானியங்கி நிலை. பிளாஷின் முகப்பில் உள்ள சின்னக் கண், திரும்பி வரும் ஒளியைப் பார்த்துப் போதுமானதும் நிறுத்திவிடும். பிலிமின் ஐஎஸ்ஓவை பிளாஷில் வைத்து, அது காட்டும் எஃப் எண்ணை லென்ஸில் வையுங்கள். காட்டும் தூர எல்லையைத் தாண்ட வேண்டாம்.

இந்தக் கண் ஏமாறும் இடங்களும் உண்டு. பின்னால் வெறும் இருட்டு, ஆள் சின்னதாகத் தெரிகிறார் என்றால் அது அளவுக்கு மீறி ஒளி கொடுக்கும், முகம் வெளிறிவிடும். துவாரத்தை ஒரு படி சுருக்குங்கள். முடியிலும் உடுப்பிலும் உள்ள கண்ணாடித் துண்டுகள் நேராக மின்னினால் சீக்கிரம் நின்றுவிடும், முகம் இருண்டுபோகும். அப்போது ஒரு படி திறந்துவிடுங்கள். கலர் நெகட்டிவ் என்றால் கொஞ்சம் கூடிய ஒளியைத் தாங்கும், குறைந்தால்தான் கெடும்.

எந்த நிலையானாலும் ஷட்டர் வேகம் 1/60 வினாடியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் படத்தில் ஒரு பகுதி கறுப்பாகிவிடும். 1/30 வைக்கலாம். சுற்றி இருக்கும் சனமும் களரி வெளிச்சமும் கொஞ்சம் பதியும், எனக்குப் பிடித்தது அதுதான். பிளாஷில் உள்ள தயார் விளக்கு எரிந்த பிறகும் சில வினாடி பொறுத்து அழுத்துங்கள்.

அப்புறம், பிளாஷ் அடிக்கலாமா என்று கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஆடுகிறவரின் கண்ணில் அடிக்கும் வெளிச்சம் அது.