நாணும் ஜேபியும்

கேள்வி: ‘அணுவைத் துளைத்து’ என்று அன்றே பாடிவிட்டார்கள். இன்றைய விஞ்ஞானம் எல்லாமே நம் முன்னோர் சொல்லிவைத்ததுதான். பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேரனுக்கு இதைப் பள்ளியில் ஏன் சொல்லித்தருவதில்லை?
ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: அந்த வரி திருக்குறளின் சுருக்கத்தைப் புகழ்ந்த வரி ஐயா. அணுவுக்குள் ஏழு கடலையும் புகட்டினாற்போல் இரண்டு அடிக்குள் இவ்வளவு பொருளா என்று வியக்கிறது. பாராட்டுரையை ஆய்வுக்கூடக் குறிப்பாக்கினால் பாடியவருக்கும் மரியாதை இல்லை, அணுக் கொள்கை வகுத்த ஆங்கிலேயர் டால்டனுக்கும் இல்லை. 1800களின் தொடக்கத்தில் அவர் அணுக்களின் ஒப்பு எடையைக் கணக்கிட்டார். சிலவற்றைத் தப்பாகவும் போட்டார். பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அதில் நாம் தந்தது ‘அணு’ என்ற சொல்லை. அதுவும் தமிழ்ப் பாடப்புத்தகத்துக்கு மட்டும்.

நிஜமாகவே இங்கிருந்து புறப்பட்டு உலகம் சுற்றிய சரக்கு பேரனின் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. முக்கோணவியலில் ‘சைன்’ என்று வருகிறதே, அதுதான். வட்டத்தில் ஒரு துண்டு வில்; அதன் முனைகளை இணைக்கும் கோடு நாண். அலெக்சாந்திரியாவின் தாலமி இரண்டாம் நூற்றாண்டிலேயே நாண்களுக்கு வாய்பாடு போட்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது முழு நாண். நம்மவர்கள் அதைப் பாதியாக்கினார்கள்; அந்த அரை நாணை ஆரத்தின் பங்காகச் சொன்னால் அதுதான் சைன். சின்ன மாற்றம்தான், ஆனால் கணக்கு எவ்வளவோ எளிதாகிவிட்டது.

வடமொழியில் நாணுக்கு ‘ஜ்யா’ என்றும் ‘ஜீவா’ என்றும் பெயர். பாக்தாத் போனபோது அது ‘ஜீபா’ ஆயிற்று. அரபியில் உயிர்க்குறி போடாமல் எழுதும் வழக்கம் உண்டு. அதனால் பிற்பாடு படித்தவர்கள் அதை ‘ஜைப்’ என்று வாசித்துவிட்டார்கள். ஆடையின் மடிப்பு என்று பொருள். 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தவர்கள் மடிப்புக்கு உரிய ‘சைனஸ்’ என்ற சொல்லைப் போட்டார்கள். அதுதான் ஆங்கிலம் வழியாகத் திரும்பி வந்து சைன் என்று நிற்கிறது. இன்னொரு வேடிக்கை: அதே ‘ஜைப்’ உருது வழியாக நம் ஊருக்கு வந்து சட்டை ஜேபியாகிவிட்டது. மதுரைப் புது மண்டபத்தில் முன்பு இருந்த தையல்காரர் ஒருவரிடம் ஜேபி வைக்கச் சொன்னவர், அறியாமலே முக்கோணவியலின் ஒன்றுவிட்ட தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார்.

தப்பாக வாசித்துக் கொண்டுபோனார்களே என்று முகம் சுளிக்காதீர்கள். சித்திரைத் தேரை மாசி வீதிகளில் இழுக்கும் மதுரைக்காரர்கள் நாம்; பெயர் ஒன்று, நடப்பு வேறு என்பது நமக்குப் புதிதா?

‘எல்லாம் அன்றே சொல்லியாயிற்று’ என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். ஆரியபடர் அப்படிச் சொல்லிவிட்டுத் திண்ணையில் சாய்ந்துவிடவில்லை. கி.பி. 499ஐ ஒட்டி அவர் எழுதிய நூலில் அரை நாண்களுக்கு 24 எண்கள் இருக்கின்றன, அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையிலான வித்தியாசங்களாக. வட்டத்தின் சுற்றளவு 21,600 பங்கு என்று கொண்டால் ஆரம் ஏறக்குறைய 3,438 பங்கு. ஓர் எண்ணுக்கு மூன்றே முக்கால் பாகை.

இன்று சாயங்காலம் பேரனைப் பக்கத்தில் உட்காரவைத்து முதல் எட்டு எண்களைக் கூட்டச் சொல்லுங்கள்: 225, 224, 222, 219, 215, 210, 205, 199. மொத்தம் 1,719 வரும். எட்டு மூன்றே முக்கால் 30 பாகை. 3,438இல் 1,719 எத்தனை பங்கு என்று பார்த்துவிட்டு, சைன் 30 பாகைக்குப் பேரனின் புத்தகம் என்ன மதிப்பு போட்டிருக்கிறது என்று அவனையே வாசிக்கச் சொல்லுங்கள்.