எட்டரை மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

குடும்ப ஜெபம் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் கணவருக்கு சிப்காட்டில் வேலை. வாராவாரம் ஷிப்ட் மாறும். ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம் என்று வைத்தோம். மூன்று வாரம்கூட நிற்கவில்லை. அவர் இல்லாத வாரம் விட்டுப்போனால், அவர் இருக்கும் வாரமும் உட்கார மனம் வருவதில்லை. பிள்ளைகள் ஏழாவதும் மூன்றாவதும் படிக்கிறார்கள்.
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: சகோதரி, ஷிப்ட் மாறும் வீட்டில் எந்த ஒரு மணியும் மூன்று வாரத்துக்கும் பொருந்தாது. எட்டரையை விட்டுவிடுங்கள். அவரும் வீட்டில் இருந்து, பிள்ளைகளும் விழித்திருக்கும் நேரம் ஒவ்வொரு ஷிப்டிலும் கொஞ்சமாவது இருக்கும். அந்த நேரத்தைப் பிடியுங்கள்.

காலை ஆறு மணி ஷிப்ட் என்றால் ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு உட்காருங்கள். பாத்திரம் தேய்க்கப் போய்விட்டால் ஆளுக்கொரு பக்கம் கலைந்துவிடுவார்கள், பாத்திரம் காத்திருக்கட்டும். ராத்திரி பத்து மணி ஷிப்ட் என்றால் அவர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முன்பு. கஷ்டம் மதியம் இரண்டு மணி ஷிப்டில்தான். அவர் வீடு வந்து சேரப் பத்தே முக்காலாகும். அதுவரை பிள்ளைகளை விழிக்க வைக்காதீர்கள். தூங்கி வழியும் பிள்ளைக்கு ஜெபம் தண்டனையாகிவிடும். அந்த வாரம் மட்டும், பள்ளிக்குக் கிளம்பும்போது மூன்றே நிமிடம். ஒரு வசனம், கர்த்தருடைய ஜெபம், பிறகு அப்பா பிள்ளைகளின் தலையில் கைவைத்து எண்ணாகமம் 6:24-26இல் உள்ள ஆசீர்வாதத்தைச் சொல்லட்டும்: ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்...’ அதற்காக அவர் அரைத் தூக்கத்தில் எழுந்து வந்தாலும் பரவாயில்லை, திரும்பப் படுத்துக்கொள்ளலாம். ராத்திரி நீங்களும் பிள்ளைகளும் வாசித்த பக்கத்தில் நாடாவை வைத்து, அவருக்கு மூடிவைத்த சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வேதாகமத்தை வைத்துவிடுங்கள். அதே பகுதியை அவரும் வாசித்துவிட்டுப் படுப்பார். ஒரே வீடு அன்று ஒரே பகுதியை வாசித்திருக்கும்.

மற்ற நாட்களில் மொத்தம் ஏழு நிமிடம் போதும். ஒரு பாட்டில் ஒரு சரணம், பத்து வசனம், ‘இன்றைக்கு எதற்கு நன்றி சொல்கிறோம்’ என்று ஆளுக்கு ஒரு வாக்கியம், ஒருவர் மட்டும் சின்ன ஜெபம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாளுக்குப் பத்து வசனமாகப் போனால் பத்து வாரத்தில் முடியும். ஒரு புத்தகத்தை முடித்த சந்தோஷம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது முக்கியம். ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோன வீடுகள் நிறைய.

விட்டுப்போன நாளின் பகுதியை மறுநாள் சேர்த்து வாசிக்காதீர்கள். பாக்கி ஏறிக்கொண்டே போய், ஒருநாள் புத்தகத்தைத் திறக்கவே பயம் வரும். நின்ற இடத்திலிருந்து தொடருங்கள்.

கேள்வி: நான் கத்தோலிக்கர், கணவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்). ஒரு ஞாயிறு மிஷன் வீதி மாதா கோயில், மறு ஞாயிறு அவர்கள் ஆராதனை. வீட்டில் செபம் சொல்லும்போது ஆறு வயது மகள் ‘எங்கள் தந்தையே’ என்பதா, ‘எங்கள் பிதாவே’ என்பதா என்று குழம்பி முணுமுணுக்கிறாள். செபமாலை எடுத்தால் அவர் எழுந்து போய்விடுகிறார்.
— வாசகி, நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’, ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்ற இரண்டும் ஆண்டவர் கற்பித்த ஒரே மன்றாட்டுதான். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு குரல் இரண்டு விதமாகச் சொன்னால் குழந்தைக்கு எதுவும் மனதில் பதியாது. ஒன்றை முதலில் முழுதாக மனப்பாடம் செய்யட்டும். எது என்பதை நீங்கள் இருவரும் அவள் இல்லாதபோது பேசி முடிவு செய்யுங்கள். அது தடுமாற்றமில்லாமல் வந்த பிறகு மற்றதைச் சொல்லிக்கொடுங்கள். சி.எஸ்.ஐ. ஆராதனையில் முடிவில் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று தொடர்வார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் ஆமென் சொல்லிவிட்டு வெட்கப்படுவாள்.

வாரத்தில் மூன்று நாள் உங்கள் முறை, மூன்று நாள் அவர் முறை என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடத்துபவரின் வழக்கப்படி அன்று நடக்கட்டும். மற்றவர் நடுவில் திருத்தக் கூடாது. ஞாயிறு சேர்ந்து பாடினால் போதும். வாசிப்புக்கு 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு உதவும். இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்த பதிப்பு அது.

செபமாலை விஷயத்தில் எங்கள் யோசனை இது. ஐந்து பத்துமணிகளையும் (பத்து மணிகள் கொண்ட பகுதிகளையும்) அவர் முன்னால் சொல்ல வேண்டாம். உங்கள் முறை நாளில் ஒரு பத்துமணி மட்டும் சொல்லுங்கள், நான்கைந்து நிமிடம் ஆகும். முழுச் செபமாலையைத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். அன்றைய மறையுண்மைக்குரிய (செபமாலையில் அன்று தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுக்குரிய) நற்செய்திப் பகுதியை அவர் வாசிக்கட்டும். திங்கள், சனி மகிழ்ச்சி மறையுண்மைக்கு லூக்கா 1:26-38. செவ்வாய், வெள்ளி துயர மறையுண்மைக்கு லூக்கா 22:39-46. புதன், ஞாயிறு மகிமைக்கு உயிர்த்தெழுதல் பகுதி ஏதேனும் ஒன்று. வியாழன் ஒளி மறையுண்மைக்குக் கானாவூர்த் திருமணம், யோவான் 2:1-11. வேதம் வாசிக்க எந்த சி.எஸ்.ஐ. குடும்பத்தாரும் தயங்க மாட்டார்கள். ‘அருள் நிறைந்த மரியே’ என்ற மந்திரத்தின்போது அவர் மௌனமாக இருந்தால் அதற்கு முகம் சுளிக்காதீர்கள். உட்கார்ந்திருப்பதே பெரிது. மகளின் நற்கருணை, திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பற்றிய முடிவுகளைப் பங்குத்தந்தை, போதகர் இருவரிடமும் பேசாமல் வீட்டிலேயே எடுக்காதீர்கள்.

கேள்வி: பதினொன்றாவது படிக்கும் மகன் ஜெபத்துக்குக் கூப்பிட்டால் ‘நீங்களே பண்ணுங்க’ என்று போனோடு அறைக்குள் போய்விடுகிறான். கட்டாயப்படுத்தலாமா?
— வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: ஐயா, அவன் எழுந்து போவதற்கு முந்தின ஒரு மாத ஜெபங்களை நினைத்துப் பாருங்கள். ‘ஆண்டவரே, இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும், படிப்பில் கவனத்தைக் கொடும்’ என்று அவன் காதுபட ஜெபித்தீர்களா? அது கடவுளிடம் பேசுவதுபோல் பிள்ளையைத் திட்டுவது. அவன் பதில் சொல்லவும் முடியாது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மார்க், போன், நண்பர்கள் இந்த மூன்றும் ஜெபத்துக்குள் வரவே கூடாது. அவனிடம் சொல்ல வேண்டியதைப் பகலில் நேராகச் சொல்லுங்கள். அவனுக்காக அழ வேண்டியதைத் தனியறையில் அழுங்கள். ‘பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களுக்குக் கோபமூட்டாதிருங்கள்’ என்று கொலோசெயர் 3:21 அப்பாக்களைப் பார்த்துத்தான் சொல்கிறது.

கட்டாயப்படுத்த வேண்டாம், கூப்பிடுவதை நிறுத்தவும் வேண்டாம். ‘ஏழு நிமிஷம்தான், நீ எதுவும் பேச வேண்டாம், வந்து உட்காரு’ என்று தினமும் ஒரே குரலில் ஒருமுறை கூப்பிடுங்கள். ஏழு என்று சொன்னால் ஏழில் முடியுங்கள். பதினைந்தாக இழுத்தால் உங்கள் வார்த்தையை அவன் மறுபடி நம்ப மாட்டான். எல்லோருடைய போனும் ஒரு கூடைக்குள் போகட்டும், முதலில் உங்களுடையது. கிடார், கீபோர்டு தெரிந்த பையன் என்றால் பாட்டை அவன் பொறுப்பில் விடுங்கள். அவன் தேர்ந்தெடுக்கும் பாட்டு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பாடிவிடுங்கள்.

கேள்வி: கணவன் மனைவிக்குள் சண்டை நடந்த அன்று சேர்ந்து ஜெபிப்பது வேஷம்போல் இருக்கிறது. அன்றைக்கு விட்டுவிடலாமா?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேஷம் என்று உறுத்துவது நல்ல அடையாளம். மனைவிக்குரிய கனத்தைக் கொடுக்காவிட்டால் ஜெபத்துக்குத் தடை வரும் என்று 1 பேதுரு 3:7 கணவர்களை எச்சரிக்கிறது. சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் எரிச்சல் தணியட்டும் என்கிறது எபேசியர் 4:26. சண்டையின் காரணம் முழுவதையும் அன்றே தீர்த்தாக வேண்டும் என்று இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டாம். கடன், மாமியார் வீடு, வேலை என்று பெரிய விஷயங்களை ராத்திரி பத்து மணிக்குக் கிளறினால் சண்டை பெரிதாகத்தான் ஆகும். ‘இதைச் சனிக்கிழமை பேசலாம்’ என்று நாள் குறியுங்கள். அன்றே தீர வேண்டியது பேசிய பேச்சு. ‘உங்க அம்மாவை இழுத்துப் பேசினது தப்பு, மன்னிச்சுடுங்க’ என்று செய்ததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘ஆனா நீங்களும்...’ என்று தொடர்ந்தால் கேட்ட மன்னிப்பு அதோடு போயிற்று. பிள்ளைகள் எதிரில் சண்டை போட்டிருந்தால் சமாதானமானதும் அவர்களுக்குத் தெரியட்டும். அன்று நீளமான ஜெபம் வேண்டாம். ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்ற வரி இருக்கும் கர்த்தருடைய ஜெபம் மட்டும் போதும்.

அடி, மிரட்டல் என்று வந்துவிட்டால் இந்த ஆலோசனை உங்களுக்கு இல்லை. பொறுத்துப்போ என்று வேதம் சொல்வதாக யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112.

கேள்வி: மாமியார் இந்து. எங்களோடுதான் இருக்கிறார். ஜெபத்தில் உட்கார மாட்டார். அவரை எப்படிச் சேர்ப்பது?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உட்காரச் சொல்லாதீர்கள். அவர் விளக்கேற்றும் நேரத்தில் உங்கள் பாட்டை வைக்காதீர்கள். ‘அத்தை, உங்க முட்டிவலிக்கு ஜெபம் பண்ணட்டுமா?’ என்று கேளுங்கள். சரி என்றால் மட்டும் செய்யுங்கள்.

அவரும் விரும்பிச் சேரக்கூடிய ஒன்று உண்டு: பிடி அரிசி. உலைக்கு அரிசி எடுத்ததும், கழுவுவதற்கு முன், ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது. பேரப்பிள்ளை போட, பாட்டி மேற்பார்க்கட்டும். பெரியவர் கைப்பிடி சுமார் 40 கிராம். தினம் ஒன்று என்றால் மாதம் ஒன்றேகால் கிலோ, இருவேளை என்றால் இரண்டரை. நீங்கள் சாப்பிடும் அதே அரிசியாக இருக்கட்டும். கடலோர ஈரத்தில் வண்டு சீக்கிரம் வரும். ஈரக்கையால் அள்ளாமல், டப்பாவைத் துடைத்துக் காயவைத்து நாலைந்து காய்ந்த மிளகாய் போட்டுவையுங்கள். மாதக் கடைசியில் யார் வீட்டுக்குக் கொடுப்பது என்பதை அத்தையே சொல்லட்டும். தெருவில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது உங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.