விருந்து முடிந்ததும் 'செவன் சாமுராய்' போடலாமா?

கேள்வி: விடுமுறைக்கு எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேர் கூடுவோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படம் பார்க்க உட்கார்ந்தால், எதைப் போடுவது என்ற பேச்சிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். போன முறை யாரையும் கேட்காமல் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'செவன் சாமுராய்' போட்டேன். ஒரு மணி நேரத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், மீதிப் பேர் கைப்பேசியில் இருந்தார்கள். இவர்கள் ரசனையை உயர்த்த என்னதான் வழி?

பதில்: ரசனையைப் பிறகு பார்ப்போம். நீங்கள் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். 'செவன் சாமுராய்' (1954) 207 நிமிடப் படம். இரவு 9.30-க்குத் தொடங்கினால், தண்ணீர் குடிக்கக்கூட யாரும் எழுந்திருக்காவிட்டால், 12.57-க்கு முடியும். அதில் முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் கிராமத்தைக் காக்கச் சாமுராய் வீரர்களைத் தேடி ஆள் சேர்ப்பதிலேயே கழியும். வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் அதற்குள் தூங்கியதற்குக் குரோசாவாவும் பொறுப்பல்ல, அவர்களும் பொறுப்பல்ல. அது ஒரு நாள் காலையில், ஒத்த மனமுள்ள இரண்டு பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம்.

படம் எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 11 மணிக்குக் குழந்தைகள் படுக்க வேண்டும், சிலர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று வையுங்கள். சாப்பாடு 8.30-க்கு முடிந்தாலும், பாத்திரம் ஒதுக்கி, குழந்தைக்கு உடை மாற்றி எல்லாரும் உட்கார 9 ஆகிவிடும். நடுவில் எழுந்து போக வர 15 நிமிடம் கழித்தால் கையில் நிற்பது 105 நிமிடம். அதற்கு மேல் நீளும் படம் பட்டியலிலேயே ஏறக்கூடாது. இரண்டரை மணி நேரப் படம்தான் வேண்டும் என்றால், முதல் பாதியைச் சாப்பாட்டுக்கு முன்பே ஓட்டிவிடுங்கள். இடைவேளையில் சாப்பாடு. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை.

நீளம் மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. '12 ஆங்ரி மென்' (1957) வெறும் 96 நிமிடம், அப்பழுக்கற்ற படம். ஆனால் ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள் வாதாடும் கதை அது; கிட்டத்தட்ட முழுவதும் ஒரே அறைக்குள், பேச்சிலேயே நகர்கிறது. ஒரு குழந்தை மூன்று நிமிடம் அழுதால் ஒரு சாட்சியம் காணாமல் போகும். அதன் பிறகு "இவர் ஏன் கோபப்படுகிறார்?" என்று ஒருவர் கேட்பார், நீங்கள் விளக்குவீர்கள், அடுத்த சாட்சியமும் போகும். பன்னிரண்டு பேர் உள்ள கூடத்தில் சத்தம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சத்தத்தைத் தாங்குகிற படமாகப் பாருங்கள். சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) 87 நிமிடம், வசனம் மிகக் குறைவு. காது மந்தமானவருக்கும் மொழி தெரியாத மருமகளுக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் அது ஒரே மாதிரிப் புரியும்.

தனித்தனிக் காட்சிகளாகவே ரசிக்கக்கூடிய நகைச்சுவைப் படங்களும் இப்படித்தான். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் இடத்தில் ஒருவர் உள்ளே நுழைந்தாலும், முன்கதை தெரியாமலே சிரிப்பார். நீளத்தை மட்டும் மேலே சொன்ன சாப்பாட்டு இடைவேளையால் சமாளியுங்கள். பாதிப் பேர் ஏற்கெனவே பார்த்த படம் என்று அதை ஒதுக்க வேண்டாம். பார்த்தவர்கள் எழுந்து போய் வரலாம், பார்க்காதவர்களுக்கு இடம் கிடைக்கும். சண்டையும் இருக்காது.

குழந்தைகள் இருந்தால் "கார்ட்டூன் தானே" என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவதுதான் பெரிய ஆபத்து. ஜப்பானின் ஸ்டூடியோ கிப்லி 1988 ஏப்ரலில் இரண்டு படங்களை ஒன்றாக வெளியிட்டது. ஒன்று 'மை நெய்பர் டோட்டோரோ': 86 நிமிடம், நான்கு வயதுக் குழந்தையும் பார்க்கலாம். மற்றது 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்': போரில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகிற கதை. திரையில் பட்டியலில் தெரியும் முகப்புப் படத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் எது வரும் என்று சொல்ல முடியாது. வயதுச் சான்றிதழும் ஓரளவுக்குத்தான் உதவும். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நெளிய வைக்கும் காட்சி எது, அண்மையில் துக்கம் நடந்த வீட்டில் எந்த மருத்துவமனைக் காட்சி வலிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்காது. படத்தை வீட்டில் ஒருவராவது முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். விமர்சனம் படித்தது கணக்கில் சேராது.

உங்கள் முக்கால் மணி நேரத்தைத் தின்பது எல்லார் முன்னிலையிலும் திரையில் பட்டியலை உருட்டுவதுதான். ஒவ்வொரு படமும் கண்ணில் பட ஆளுக்கொரு கருத்து பிறக்கும். முந்தின நாளே மூன்று படங்களைக் குறித்துவையுங்கள், மூன்றும் வெவ்வேறு வகையாக இருக்கட்டும். சாப்பிட உட்காருமுன் பெயர்களைச் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று தள்ளும் உரிமையைப் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்தால் மூன்றும் போய்விடும். வயதில் மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர், ஆளுக்கு ஒரு படத்தைத் தள்ளலாம். மூன்றில் இரண்டு போனாலும் ஒன்று மிஞ்சும், அதுதான் படம். வாக்கெடுப்பு வேண்டாம், தோற்றவர்கள் படம் முடியும் வரை முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள்.

அன்று மதியமே இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். எந்த மொழி ஒலி வருகிறது, வசன வரி கடைசி நாற்காலியிலிருந்து படிக்கும் அளவில் தெரிகிறதா என்று தெரிந்துவிடும். இணையத்தில் வாடகைக்கு எடுத்த படத்தை ஒரு வாரம் முன்பே சோதிக்காதீர்கள். பல சேவைகளில் ஓடத் தொடங்கிய நேரத்திலிருந்து 48 மணி நேரம்தான் கெடு. பேச்சு கேட்கவில்லை, வெடிச்சத்தம் மட்டும் காதைப் பிளக்கிறது என்றால், பெரும்பாலும் 5.1 ஒலியை (ஆறு ஸ்பீக்கர்களுக்காகப் பிரித்த ஒலியை) தொலைக்காட்சியின் இரண்டு ஸ்பீக்கர்களுக்குள் திணித்ததால் வந்த வினை. வசனம் நடு ஸ்பீக்கருக்காகப் பிரித்து வைக்கப்பட்டது, இங்கே அது அமுங்கிவிடும். ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். உரத்த சத்தத்தை அடக்கும் நைட் மோடு இருந்தால் அதையும் போடுங்கள். பெரிய திரைப் படம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடினால், நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) உள்ள படத்தில் டி.வி. தானாக இடைச்சட்டகங்களைச் செருகுகிறது என்று பொருள். மோஷன் ஸ்மூதிங் என்ற வசதியை அணையுங்கள்.

மொழிமாற்றப் படம் என்றால் முகம் சுளிக்கும் கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. வசன வரியைப் படிக்க முடியாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருந்தால், அன்றைக்கு மட்டும் மொழிமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

25 நிமிடம் ஆகியும் பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு, தள்ளப்பட்ட இரண்டில் குறுகியதைப் போடுங்கள். அந்த நேரத்தில் படத்தின் பெருமையை எடுத்துச் சொல்ல வாய் துறுதுறுத்தால், ரிமோட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.