மலையேறும் பெண்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாகக் கால் வைத்த பெண் ஜப்பானின் ஜுன்கோ தாபே. 1975 மே 16. அவரைப் பற்றி நான் எழுதிய நாலு வரிக் குறிப்புக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப சந்தோஷம். இமயமலைப் பக்கம் உத்தரகாசியில் மலையேற்றப் பயிற்சி எடுத்தவள், இப்போது பெண்களை மலைக்குக் கூட்டிப் போகிறவள் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): அக்கா, தாபேக்கு வசதியும் வீட்டு ஆதரவும் இருந்திருக்கும். நம்ம வீடுகளில் இதெல்லாம் நடக்குமா?

வீட்டு ஆதரவு இருந்தது உண்மைதான், கணவரும் மலையேறுபவர். வசதி இல்லை, தங்கச்சி. அவர் பட்ட பாட்டில் பெரும்பகுதி மலைக்குப் போவதற்கு முன்பே பட்டது, அதனால்தான் எனக்கு அவரை இவ்வளவு பிடிக்கும். மலையேற்றச் சங்கங்களில் இருந்த சில ஆண்கள் அவரோடு சேர்ந்து ஏறவே மாட்டேன் என்றார்கள், மாப்பிள்ளை பிடிக்க வந்திருக்கிறாள் என்றுகூடப் பேசினார்கள். 1969-இல் பெண்களுக்கென்றே ஒரு மலையேற்றச் சங்கத்தைத் தொடங்கி, அடுத்த வருஷமே அன்னபூர்ணா III சிகரம் ஏறினார். அப்புறம் எவரெஸ்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, முறை வருவதற்கு 1975 வரை காத்திருந்தார்கள். நிதி கேட்டுப் போன இடத்திலெல்லாம் ‘பிள்ளையை வளர்க்கிற வேலையைப் பாருங்கள்’ என்பதுதான் பதில். கடைசியில் ஒரு நாளிதழும் ஒரு தொலைக்காட்சியும் உதவின. அப்படியும் ஒவ்வொருத்தியும் ஏறக்குறைய ஒரு வருஷச் சம்பளத்தைக் கையிலிருந்து போட வேண்டியிருந்தது. தாபே பியானோ சொல்லிக்கொடுத்துச் சேர்த்தார். கார் இருக்கை உறைகளை வெட்டி, தண்ணீர் புகாத கையுறைகள் தைத்துக்கொண்டார்கள். மகளுக்கு அப்போது மூன்று வயதுதான்.

மே 4-ஆம் தேதி ராத்திரி சுமார் 6,300 மீட்டர் உயரத்து முகாமில் பனிச்சரிவு கூடாரத்தை மூடிவிட்டது. உள்ளே நினைவில்லாமல் கிடந்தவரை ஷெர்பாக்கள் (மலையேறுபவர்களுக்கு வழிகாட்டி, சுமை தூக்கும் நேபாள மலைமக்கள்) தோண்டி இழுத்தார்கள். இரண்டு நாள் நடக்கக்கூட முடியவில்லை. பன்னிரண்டாவது நாள் ஆங் செரிங் ஷெர்பாவோடு உச்சியில் நின்றார். போகிற வழியில் கத்தி முனை மாதிரி ஒரு பனி விளிம்பு, முன்னால் ஏறியவர்கள் யாருமே அதைப் பற்றி ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அதில் பக்கவாட்டில் ஊர்ந்து கடக்கும்போது தனக்கு வந்த கோபத்தைப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். எனக்கும் அந்தக் கோபம் நியாயமாகத்தான் படுகிறது.

கேள்வி (பொறியாளர், சேலம்): மேடம், தப்பாக நினைக்க வேண்டாம். உடல் பலத்தில் பெண்கள் பின்தங்கித்தானே இருக்கிறார்கள்?

தூக்குகிற சுமையில் வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. 50 கிலோ உடம்பு 20 கிலோ பையைத் தூக்குவதும் 75 கிலோ உடம்பு அதே பையைத் தூக்குவதும் ஒன்றில்லை, அதற்குக் கூடுதலாகப் பயிற்சி வேண்டும். ஆனால் 5,000 மீட்டருக்கு மேல் ஆளைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் தோள் பலக்குறைவு இல்லை. ஆக்சிஜன் குறைந்த காற்றுக்கு உடம்பு பழகாததும் அவசரமும்தான். ஜிம்மில் உரமேறிய இளைஞர்கள் தலைவலியும் வாந்தியுமாக இறங்கிப் போவதையும், மெதுவாக நடந்து, நன்றாகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தண்ணீர் குடித்த பெண்கள் மேலே போய்ச் சேர்வதையும் நான் பார்த்திருக்கிறேன். வேகமாக ஏறிவிட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஆபத்துதான்.

கேள்வி (24 வயது, திருச்சி): வீட்டில் வரன் பார்க்கிறார்கள். பயிற்சிக்குப் போகிறேன் என்று சொன்னாலே சண்டை. என்ன செய்வது அக்கா?

சந்தோஷ் யாதவ் பற்றித் தேடிப் படியுங்கள். ஹரியானாவின் ரேவாரி பக்கம் ஒரு சின்ன கிராமம். பதினாறு வயதில் கல்யாணப் பேச்சு வந்தபோது, ஒழுங்கான படிப்பு கிடைக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு டெல்லிக்குப் படிக்கப் போனவர். பிறகு ஜெய்ப்பூரில் கல்லூரியில் படித்தபோது விடுதி அறையிலிருந்து பார்த்தால் ஆரவல்லி மலையில் ஆட்கள் ஏறுவது தெரியுமாம், அங்கே போய்ப் பழகியதுதான் தொடக்கம். சேமித்த காசைக் கட்டி, அனுமதி கேட்காமலேயே உத்தரகாசி பயிற்சியில் சேர்ந்துவிட்டு, அப்பாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். 1992-இல் எவரெஸ்ட், 1993-இல் மறுபடியும். அந்த உச்சியை இரண்டு முறை தொட்ட முதல் பெண் அவர்தான்.

அதற்காக வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மலையில் ஏதாவது நடந்தால் முதலில் தகவல் போகிற இடம் வீடுதான். ஒரே நாளில் போய்த் திரும்பும் நடைக்கு அம்மாவையோ தம்பியையோ ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். நேரில் பார்த்தவர்களின் பயம் பாதியாகக் குறைகிறது, இதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

கேள்வி (பெயர் வேண்டாம்): மாதவிடாய் நாட்களில் என்ன செய்வீர்கள்? கழிப்பறை?

வெட்கப்படாமல் கேட்டதற்கு நன்றி. மாதவிடாய் என்பதற்காக ஏறாமல் இருக்க வேண்டியதில்லை, வலி அதிகமாக இருந்தால் வழிகாட்டியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பயன்படுத்திய நாப்கின்களை மூடிய பையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், மலையில் புதைக்கக் கூடாது. மாதவிடாய் கப் பயன்படுத்துவதாக இருந்தால் ஊரிலேயே சில மாதம் பழகிக்கொள்ளுங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. ஒதுங்க இடமில்லை என்று நம் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள்! உயரத்தில் மூச்சு வழியாகவே உடம்பு நீரை இழக்கிறது, தண்ணீர் குறைந்தால் தலைவலியும் தளர்ச்சியும் சீக்கிரம் வரும். குழுவில் ஆண்கள் இருந்தால் ‘பத்து நிமிஷம் முன்னால் போங்கள்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி (48 வயது, கும்பகோணம்): பேண்ட் போட்டதே இல்லைம்மா. என்னை மாதிரி ஆட்களுக்கு மலை சரிப்படுமா?

நிச்சயமாகச் சரிப்படும் அம்மா. பொலிவியாவில் ஐமாரா இனப் பெண்கள் சிலர் இருக்கிறார்கள். மலையேற வருகிறவர்களுக்கு வருஷக்கணக்காகச் சமைத்துப் போட்டவர்கள், வழிகாட்டிகளின் மனைவிமார். ‘நாமும்தான் போய்ப் பார்ப்போமே’ என்று 2015-இல் 6,088 மீட்டர் உயர வைனா பொடோசியில் ஏறினார்கள், எப்போதும் உடுத்துகிற அகலப் பாவாடையோடு, காலில் மட்டும் பனிக்கு முள் பூட்டிய பூட்ஸ். 2019 ஜனவரியில் தென் அமெரிக்காவிலேயே உயரமான அகோன்காகுவாவும் ஏறியாயிற்று. சிலருக்கு உங்கள் வயதுதான், அதற்கு மேலும் உண்டு.

நீங்கள் சுடிதாரில் தொடங்குங்கள். பருத்தி மட்டும் வேண்டாம், நனைந்தால் குளிர் உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (ஆண், சென்னை): எல்லாம் ஷெர்பா தூக்கிக்கொண்டு போவது. இதில் என்ன சாதனை?

எவரெஸ்டை முதலில் ஏறிய ஹிலாரியும் ஷெர்பாவான டென்சிங்கோடுதான் போனார், அவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லையே. ஷெர்பாக்களுக்கு இன்னும் பெயரும் கூலியும் கிடைக்க வேண்டும் என்றால் நானும் உங்கள் பக்கம். ஆனால் ஷெர்பா பெண்களையும் பாருங்கள். பசாங் லாமு ஷெர்பா மூன்று முறை முயன்று முடியாமல், 1993 ஏப்ரல் 22-இல் எவரெஸ்ட் ஏறிய முதல் நேபாளப் பெண்ணானார், இறங்கும்போது உயிர் போய்விட்டது. பள்ளிக்கூடமே போகாத லாக்பா ஷெர்பா அமெரிக்காவில் கடையில் வேலை பார்த்துக்கொண்டே 2022-இல் பத்தாவது முறையாக எவரெஸ்ட் ஏறினார்.

கேள்வி (யாழ்ப்பாணம்): இலங்கையில் இருந்து பெண்கள் யாராவது ஏறியிருக்கினமோ அக்கா?

எவரெஸ்ட் ஏறிய முதல் இலங்கையரே ஒரு பெண்தான் தங்கச்சி! ஜயந்தி குரு உதும்பால, 2016 மே 21. பெண்ணுரிமைக்காக வேலை செய்பவர். தமிழ்நாட்டிலிருந்து முதல் பெண் முத்தமிழ்ச்செல்வி, விருதுநகர் மாவட்டம், 2023 மே.

கேள்வி (திருநெல்வேலி): பொதிகை மலையில் பெண்கள் ஏறக் கூடாது என்கிறார்களே?

நீங்கள் கேட்பது கேரளப் பக்கத்து அகத்தியர்கூடம் சிகரம், 1,868 மீட்டர். பல காலம் பெண்களை அனுமதிக்கவில்லை. பெண்கள் வழக்குப் போட்டு, 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் பாகுபாடு கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறினார். அங்குள்ள காணி பழங்குடி மக்கள் எதிர்த்தார்கள், அது அவர்களின் புனித மலை என்பதால் அந்த வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வெளியூர் ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்வந்த மலையில் பெண்ணுக்கு மட்டும் தடை என்பதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி (தந்தை, ஈரோடு): மகள் அடிப்படைப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்கிறாள். அனுப்பலாமா அம்மா?

அனுப்புங்கள் ஐயா. ஆபத்தே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் முறையான பயிற்சி இல்லாமல் தானாக மலைக்குப் போவது அதைவிட ஆபத்து. உத்தரகாசி நேரு மலையேற்றக் கழகத்திலும் டார்ஜிலிங் இமாலய மலையேற்றக் கழகத்திலும் அடிப்படைப் பயிற்சி 28 நாள். பெண்களுக்கு மட்டுமான வகுப்புகளும் நடக்கின்றன. இதில் ‘ஏ’ தரம் வாங்கினால்தான் அடுத்த நிலைக்குப் போக முடியும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். கிடைப்பதற்குள் அவள் பையில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கி வாரத்தில் நாலு நாள் மாடிப்படி ஏறி இறங்கட்டும், எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். மருத்துவச் சான்று கேட்பார்கள், ஆஸ்துமா, ரத்தசோகை ஏதாவது இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் இப்போதே காட்டிவிடுங்கள்.